'ஒரு ராத்திரிதானே' என்று விட்டுவிடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. போன மாதம் ஒரு சாயங்காலம், விசாரணை என்று சொல்லி போலீஸார் அவனை அழைத்துப் போனார்கள். எங்கே, எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. அவன் போனும் அணைக்கப்பட்டிருந்தது. மறுநாள் மதியம் 'ஆள் மாறிவிட்டது' என்று அனுப்பிவிட்டார்கள். அடிக்கவில்லை. ஆனால் எதற்காகப் பிடித்தார்கள் என்றே தெரியாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்திருக்கிறான். என் அண்ணனோ, "திரும்பி வந்துட்டான்ல, ஒரு ராத்திரிதானே? நாட்டுப் பாதுகாப்புன்னா இதெல்லாம் பொறுத்துக்கணும். தப்பு செய்யாதவனுக்கு உரிமை எதுக்கு? ஜனங்க ஓட்டுப் போட்டு வந்த அரசாங்கத்தை ஒரு புத்தகம் எப்படித் தடுக்கலாம்?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடிப்படை உரிமைகள் என்று எழுதி வைத்திருந்தும் இப்படித்தானே நடக்கிறது? அப்படியானால் எழுதி வைத்து என்ன பயன்? நான் இப்போது ஏதாவது செய்ய முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகன் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்ததில் நிம்மதி. ஆனால் 'ஒரு ராத்திரிதானே' என்ற பேச்சை ஒரு வக்கீலாக என்னால் ஏற்க முடியவில்லை. உலகத்தின் பல அரசியலமைப்புச் சட்டங்கள் அந்த ஒரு ராத்திரியைப் பற்றித்தான் மெனக்கெட்டு, மணிக்கணக்குப் போட்டு எழுதியிருக்கின்றன.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அதனால் சில நாடுகளைச் சொல்கிறேன். இந்தியாவில் 22-வது பிரிவின்படி, கைதானவரை 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 35-வது பிரிவு 48 மணி நேரம் என்கிறது. ஸ்பெயினில் உச்சவரம்பு 72 மணி நேரம். ஜெர்மனியில் போலீஸ் தன் சொந்த அதிகாரத்தில் ஒருவரைப் பிடித்துவைத்தால், மறுநாள் முடிவதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கெடு நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஆனால் எல்லாவற்றிலும் இரண்டு விஷயங்கள் மாறாமல் இருக்கின்றன. ஏன் பிடித்தோம் என்று பிடிபட்டவருக்குச் சொல்ல வேண்டும். அப்புறம், பிடித்தவர் அல்லாத இன்னொருவர் முன்னால் அவரைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

இந்த இரண்டாவது விஷயம்தான் உயிர்நாடி. பூட்டிய அறைக்குள் ஒருவர் இருப்பது அவரை அழைத்துப் போனவர்களுக்கு மட்டுமே தெரியும் என்றால், அங்கே எது நடந்தாலும் சாட்சி கிடையாது. அடி விழுவது, செய்யாததைச் செய்ததாக எழுதி வாங்குவது, ஆளே காணாமல் போவது என்று காவலில் நடக்கும் கொடுமைகள் பெரும்பாலும் இந்த முதல் சில மணி நேரங்களில்தான் நடக்கின்றன. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நல்ல மனிதர்தான் உட்கார்ந்திருப்பார் என்று எந்தச் சட்டமும் உறுதி சொல்ல முடியாது. ஒரு கெடு வைக்க முடியும். அந்தக் கெடுவுக்குள் ஆளைக் கொண்டுவந்து காட்டு, பிடித்த நேரத்தை எழுது, காரணத்தை எழுது, கையெழுத்துப் போடு என்று கட்டாயப்படுத்த முடியும். மாஜிஸ்திரேட் அந்த முகத்தைப் பார்ப்பார், உடம்பில் காயம் இருக்கிறதா என்று கேட்பார், ஏன் பிடித்தீர்கள் என்று கேட்பார். நாளைக்கு இன்னொருவர் கேட்கப்போகிறார் என்று தெரிந்தால் இன்றைக்கே பலருடைய நடத்தை மாறிவிடும். கோர்ட்டில் இதைத் தினமும் பார்க்கிறோம்.

'கைதே செய்யவில்லை, விசாரணைக்குத்தான் கூப்பிட்டோம்' என்று உங்களிடம் சொல்வார்கள். சொல்லியிருக்கவும் கூடும். அந்த வார்த்தையில் மயங்க வேண்டாம். உங்கள் மகன் ராத்திரி பத்து மணிக்கு எழுந்து, 'சரி, நான் கிளம்புகிறேன்' என்று வெளியே வந்திருக்க முடியுமா? முடியாது என்றால், அதற்கு என்ன பெயர் வைத்தாலும் அவருடைய சுதந்திரம் பறிக்கப்பட்டிருக்கிறது.

இனி அண்ணனுடைய கேள்விகளுக்கு வருகிறேன். தப்பு செய்யாதவனுக்கு உரிமை எதற்கு என்கிறார். தப்பு செய்யவில்லை என்பதை யார், எப்போது, எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் மகன் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்த உடனே, 'இன்ன சம்பவம், இன்ன தேதி, இன்ன பெயர்' என்று சொல்லியிருந்தால், 'அது நான் இல்லைங்க' என்று அவர் அப்போதே சொல்லியிருப்பார். வீட்டுக்கு ஒரு போன் போட விட்டிருந்தால், அன்றைக்கு அவர் எங்கே இருந்தார் என்பதற்கு நீங்கள் ஆதாரம் காட்டியிருப்பீர்கள். ஆள் மாறிப்போனது அன்று சாயங்காலமே தெரிந்திருக்கும். காரணம் சொல்லாததால் உங்கள் மகனுக்கு ஒரு ராத்திரி போனது. போலீஸாருக்கும் ஒரு ராத்திரி வீண். உண்மையில் தேட வேண்டிய ஆள் அந்த நேரமெல்லாம் வெளியே இருந்திருக்கிறார். இதில் நாட்டுப் பாதுகாப்பு எங்கே வந்தது? கைதுக்குக் காரணம் சொல்வது குற்றவாளிக்குக் காட்டும் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறோமா என்று சரிபார்க்கும் வழியும் அதுதான்.

அடிப்படை உரிமைகளை நான் புரிந்துகொண்டிருக்கும் விதம் இது: அதிகாரத்தில் இருப்பவர், தன் பிடியில் இல்லாத ஒருவர் முன்னால் நின்று 'ஏன் இதைச் செய்தேன்' என்று காரணம் சொல்லியே ஆக வேண்டும். அரசு எதையுமே தடுக்கக் கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. பேச்சுக்கும் கூட்டத்துக்கும் பயணத்துக்கும் கட்டுப்பாடு போடலாம். ஆனால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தேவைக்கு மேல் ஒரு அங்குலம்கூடப் போகக் கூடாது. சித்திரவதை, அடிமைத்தனம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் எந்தக் காரணமும் எடுபடாது. 1966-இல் உருவான குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை, நெருக்கடி நிலையிலும் இவற்றுக்கு விலக்கு இல்லை என்று சொல்கிறது.

சரி, ஓட்டுப் போட்டு வந்த அரசாங்கத்தை அரசியலமைப்புச் சட்டம் என்ற ஒரு புத்தகம் எப்படித் தடுக்கலாம்? இது நல்ல கேள்வி. அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட இரண்டு வழக்குகளில் இருக்கிறது.

முதலாவது அமெரிக்காவில் நடந்தது. யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவினர் கடவுளைத் தவிர வேறெதற்கும் வணக்கம் செலுத்த மாட்டார்கள், கொடிக்கும்கூட. கொடி வணக்கம் செய்யாத பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லும் என்று 1940-இல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் சொன்னது. உலகப் போர்க் காலம் அது. தேசபக்தி கொதித்துக்கொண்டிருந்தது. தீர்ப்புக்குப் பிறகு அந்த மதத்தினர் மீது பல ஊர்களில் தாக்குதல்கள் நடந்தன. மூன்றே ஆண்டுகளில், 1943-இல், பார்னெட் வழக்கில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே 6-க்கு 3 என்று புரட்டிப்போட்டது. போர் அப்போதும் முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். தீர்ப்பு எழுதிய நீதிபதி ராபர்ட் ஜாக்சன் சொன்னதன் சாரம் இதுதான்: உயிர், சுதந்திரம், பேச்சு, வழிபாடு போன்ற அடிப்படை உரிமைகளை ஓட்டெடுப்புக்கு விட முடியாது, எந்தத் தேர்தல் முடிவையும் பொறுத்தவை அல்ல அவை.

இரண்டாவது இந்தியாவில், 1985-இல். கேரளத்தில் அதே மதத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள். தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் பாட மாட்டார்கள். பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கும் அந்த வழக்கு 1986-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. நீதிபதி சின்னப்ப ரெட்டி முதலில் கேட்டது மிக எளிமையான ஒன்று: பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? தேடிப் பார்த்தால் சட்டமே இல்லை. கல்வித் துறையின் சுற்றறிக்கைகள் மட்டும்தான் இருந்தன. அவற்றுக்குச் சட்டத்தின் பலம் கிடையாது. பிள்ளைகள் யாரையும் தொந்தரவு செய்யவில்லை, கீதத்தை அவமதிக்கவும் இல்லை. மீண்டும் பள்ளியில் சேர்த்துக்கொள்ள உத்தரவானது. எண்ணிக்கையில் அற்பமான ஒரு சிறுபான்மையும் அரசியலமைப்பின் கீழ் தன் அடையாளத்தோடு இருக்க முடிகிறதா என்பதே உண்மையான ஜனநாயகத்துக்குச் சோதனை என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

அந்த மூன்று பிள்ளைகளுக்காக எந்தக் கட்சி தேர்தலில் பேசியிருக்கும்? பேசினால் ஓட்டு குறையுமே ஒழிய கூடாது. தேர்தல் எத்தனையோ விஷயங்களைச் சரிசெய்யும், வரியை, சாலையை, ஊழலை. ஆனால் பத்துப் பேர் பாதிக்கப்பட்டு, பத்து லட்சம் பேருக்கு அதில் அக்கறை இல்லை என்றால், தேர்தலால் அந்தப் பத்துப் பேருக்கு ஒன்றும் செய்ய முடியாது. அங்கேதான் அந்தப் புத்தகம் வேண்டியிருக்கிறது. உங்கள் மகன் அன்று ராத்திரி எத்தனை பேர்? ஒரே ஒருவர். அண்ணன் நம்பியிருக்கும் பெரும்பான்மை அப்போது தூங்கிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. பெரும்பான்மை என்பது நிலையான ஒன்று இல்லை. இன்று ஆளும் கட்சி அடுத்த தேர்தலில் எதிர்க்கட்சியாகலாம். எதிர்க்கட்சி பேசுவதற்கும் கூடுவதற்கும் பத்திரிகையில் எழுதுவதற்கும் உரிமை இல்லாவிட்டால், அடுத்த தேர்தல் என்பதே பேருக்கு நடக்கும் ஒன்றாகிவிடும். ஆக, ஓட்டு உயிரோடு இருப்பதற்கே இந்த உரிமைகள் தேவை.

'பாதுகாப்புக்காகப் பொறுத்துக்கணும்' என்பதற்கு ஜெர்மனியின் கதையை அண்ணனுக்குச் சொல்லுங்கள். 1933 பிப்ரவரி 27 ராத்திரி பெர்லினில் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்தது. மறுநாளே ஒரு அவசர ஆணை. தனிமனித சுதந்திரம், பேச்சு, பத்திரிகை, கூட்டம், சங்கம், கடிதத்தின் அந்தரங்கம் எல்லாம் நிறுத்திவைக்கப்பட்டன. அன்றைய அரசியலமைப்பின் 48-வது பிரிவே நெருக்கடியில் இப்படிச் செய்ய இடம் கொடுத்திருந்தது. கொஞ்ச நாளைக்கு என்று சொல்லப்பட்ட அந்த ஆணை நாஜி ஆட்சி விழும்வரை, பன்னிரண்டு ஆண்டுகள், திரும்பப் பெறப்படவே இல்லை. அந்தக் காயத்தோடு 1949-இல் புதிய அரசியலமைப்பை எழுதியவர்கள், மனித மாண்பு மீறப்படக் கூடாதது என்பதை முதல் பிரிவாக வைத்தார்கள். அந்த அடிப்படையை நாடாளுமன்றம் எவ்வளவு பெரிய பெரும்பான்மையோடு வந்தாலும் திருத்த முடியாது என்று 79-வது பிரிவில் பூட்டும் போட்டார்கள். பயத்தில் இருக்கும்போது மனிதர்கள் எதையும் விட்டுக்கொடுத்துவிடுவார்கள் என்று பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் எழுதிய வரிகள் அவை.

கடைசியாக உங்கள் கேள்வி. எழுதி வைத்தும் நடக்கிறதே? நடக்கிறது, மறுக்க முடியாது. வெறும் எழுத்தால் யாரும் காப்பாற்றப்படுவதில்லை என்பதற்கு சோவியத் ஒன்றியத்தின் 1936 அரசியலமைப்பைவிடக் கசப்பான சாட்சி வேண்டியதில்லை. கோர்ட் முடிவோ அரசு வழக்கறிஞரின் ஒப்புதலோ இல்லாமல் யாரையும் கைதுசெய்யக் கூடாது என்று அதன் 127-வது பிரிவில் அழகாக எழுதியிருந்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1937-38-இல், அந்த நாட்டின் சொந்த ஆவணங்களின்படியே ஆறு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பலருக்கு விசாரணை என்பதே மூன்று பேர் கொண்ட குழு ஒன்று காகிதத்தில் பார்த்து முடித்ததுதான். அரசிடம் 'ஏன்' என்று கேட்கக்கூடிய சுதந்திரமான நீதிபதி அங்கே இல்லை. கேட்டு எழுதக்கூடிய பத்திரிகையும் இல்லை.

நீதிபதிகள் இருந்தும் கைவிட்ட நேரமும் உண்டு. இந்தியாவில் 1975-இல் நெருக்கடி நிலை வந்தபோது விசாரணை இல்லாமல் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு (பிடித்துவைத்தவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கும் மனு) போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி எச்.ஆர். கன்னா அரசுத் தலைமை வழக்கறிஞரிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால், அதற்கும் நீதிமன்றத்தில் பரிகாரம் கிடையாதா? நெருக்கடி நிலை இருக்கும்வரை கிடையாது என்று பதில் வந்தது. அந்தக் கோர்ட் ஹாலை நினைத்துப் பாருங்கள். ஒரு மனித உயிரைச் சட்டவிரோதமாகப் பறித்தாலும் கேட்க முடியாது என்று அரசு வெளிப்படையாகச் சொல்கிறது. 1976 ஏப்ரல் 28 அன்று ஐந்தில் நான்கு நீதிபதிகள் அரசின் பக்கமே தீர்ப்பளித்தார்கள். கன்னா மட்டும் மாறுபட்டு எழுதினார். அடுத்த ஆண்டு அவரைத் தாண்டி, பணிமூப்பில் இளையவர் ஒருவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா ராஜினாமா செய்தார்.

கதை அத்தோடு முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். நெருக்கடி நிலை போன பிறகு, 1978-இல் கொண்டுவந்த 44-வது திருத்தம், உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் உள்ள பாதுகாப்பை இனி நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது என்று ஆக்கியது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்க உரிமை வழக்கில், 1976 தீர்ப்பு தவறு என்று சொல்லி அதை ரத்து செய்தது. தோற்றுப்போன ஒருவருடைய வாதம் நாற்பது வருஷம் கழித்து நாட்டின் சட்டமானது. எழுதி வைத்ததால் என்ன பயன் என்று கேட்டீர்கள். எழுதி வைத்தது மீறப்படும்போது அது மீறல் என்று சொல்ல ஒரு அளவுகோல் கிடைக்கிறது. இல்லாவிட்டால் உங்கள் மகனுக்கு நடந்தது வெறும் துரதிர்ஷ்டம். இப்போது அது ஒரு சட்டமீறல், கேட்டால் பதில் சொல்ல வேண்டிய ஒன்று.

அதனால் கேளுங்கள். முதல் வேலை, மகனை உட்காரவைத்து அன்று நடந்ததை அவர் கைப்பட எழுத வைப்பது. எத்தனை மணிக்கு அழைத்துப் போனார்கள், எத்தனை பேர், சீருடையில் இருந்தார்களா, வண்டி எண் நினைவிருக்கிறதா, எங்கெல்லாம் உட்காரவைத்தார்கள், என்ன கேட்டார்கள், எதிலாவது கையெழுத்து வாங்கினார்களா, எப்போது விட்டார்கள். ஞாபகம் இல்லாததை இல்லை என்றே எழுதட்டும், கூட்டிச் சேர்க்க வேண்டாம். நீங்கள் அன்று யார் யாருக்குப் போன் செய்தீர்கள், எந்த ஸ்டேஷனில் போய்க் கேட்டீர்கள், அங்கே என்ன பதில் வந்தது என்பதைத் தனியாக எழுதுங்கள். போனில் உள்ள அழைப்புப் பதிவுகளை அழிக்காமல் படம் எடுத்து வையுங்கள். இதை இந்த வாரமே செய்துவிடுங்கள். புகாருக்குப் பல இடங்களில் காலக்கெடு உண்டு, ஞாபகமும் மங்கிவிடும்.

அப்புறம், உங்கள் நாட்டு அரசியலமைப்பில் கைது பற்றிய பிரிவை எடுத்துப் பாருங்கள். எத்தனை மணி நேரம், காரணம் சொல்வது பற்றி என்ன இருக்கிறது, குடும்பத்துக்குத் தகவல் தர வேண்டுமா என்று மூன்று கேள்விகளோடு படித்தால் போதும். அதையும் மகன் எழுதியதையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். வசதி இல்லை என்றால் அரசின் இலவச சட்ட உதவி இருக்கிறதா என்று விசாரியுங்கள். மகனைப் பிடித்துவைத்ததைப் பதிவேட்டில் எழுதினார்களா என்று எழுத்து மூலம் கேட்பது நல்ல தொடக்கம். பதிவு இருந்தால் ஆதாரம். பதிவே இல்லை என்று பதில் வந்தால், ஒரு ராத்திரி முழுக்க வைத்திருந்தும் எழுதவில்லை என்பதே பெரிய கேள்வியாகிவிடும். மனித உரிமை ஆணையம் இருக்கும் நாடு என்றால் அங்கும் புகார் கொடுக்கலாம். சட்டவிரோதமாகப் பிடித்துவைக்கப்பட்டவருக்கு இழப்பீடு பெற உரிமை உண்டு என்று மேலே சொன்ன உடன்படிக்கையின் 9-வது பிரிவு சொல்கிறது. உங்கள் நாடு அதில் சேர்ந்திருக்கிறதா, உள்நாட்டுச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறதா என்பதை வக்கீல் பார்த்துச் சொல்வார்.

புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை மகனே முடிவு செய்யட்டும். பயமாக இருக்கிறது, வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. எழுதியது மட்டும் பத்திரமாக இருக்கட்டும். இனி யாராவது வந்து கூப்பிட்டால், தகராறு செய்யாமல், ஓடாமல், மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள்: என்னைக் கைது செய்கிறீர்களா, எதற்காக, வீட்டுக்கும் வக்கீலுக்கும் சொல்லலாமா. கேட்டதையும் கிடைத்த பதிலையும் மனசில் குறித்துக்கொள்ளட்டும்.

அண்ணனோடு சண்டை வேண்டாம். தங்கை மகன் பத்திரமாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் அவரும் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மகன் எழுதியதை அவரிடம் கொடுத்து ஒரு தடவை படிக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் அழைத்துப் போனது முதல் மறுநாள் மதியம் வரை, எந்த இடத்தில் யாராவது காரணம் சொல்லியிருந்தால் மருமகன் முன்னதாகவே வீட்டுக்கு வந்திருப்பான் என்று அவரையே காட்டச் சொல்லுங்கள்.